மீட்டெடுத்த தெரு நாய்க்குட்டிக்கு நல்ல வீடு பார்ப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் தெருவில் கிடந்த, சுமார் ஆறு வாரப் பெண் குட்டி ஒன்று இரண்டு நாளாக என்னிடம் இருக்கிறது. வாடகை வீடு. சீக்கிரம் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எப்படி?

பதில்:

இந்தச் ‘சீக்கிரம்’தான் சிக்கல். தெருவிலிருந்து வந்த குட்டியைக் குறைந்தது இரண்டு வாரமாவது உங்களிடமே வைத்திருங்கள். பார்வோ என்ற, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் கிருமி உடம்பில் புகுந்த பிறகு நோய் வெளியே தெரிய மூன்று நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். துள்ளி விளையாடுகிறதே என்று நாளைக்கே கொடுத்துவிட்டால், வாந்தியும் ரத்தக் கழிச்சலும் அந்த வீட்டில் போய்த் தொடங்கும். கிருமி அங்கே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி போடாத அடுத்த குட்டியையும் பிடிக்கும். ஃபினாயிலை நம்ப வேண்டாம். கழிச்சல் பட்ட இடத்தை முதலில் துடைத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள். மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது தேவைப்படும். பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்குமான கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் போடலாம். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வார வயது வரை அடுத்தடுத்த ஊசிகள். ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குழைந்த சாதத்தில் எலும்பில்லாத கோழியை உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்துப் பிசைந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். குட்டிதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு: பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.

வீடு தேடி வாட்ஸ்அப்பில் பதிவு போடும்போது தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் எல்லாக் குட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வயது, பெண் குட்டி, போட்ட ஊசி, இருக்கும் பகுதி எல்லாவற்றையும் எழுதுங்கள். வளர்ந்தால் 15 கிலோவையும் தாண்டலாம் என்பதை மறைக்க வேண்டாம். சின்னதாகவே இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்தான் ஆறாவது மாதம் திருப்பித் தருவார். தேதியைப் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டி போன பிறகும் வாட்ஸ்அப்பில் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெண் குட்டி என்றதும் பலர் பின்வாங்குவார்கள். குட்டி போட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்ய நீங்களே கூட வருவதாக, முடிந்தால் செலவில் பாதியை ஏற்பதாகப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி, நல்ல படத்தைவிட அதிக வேலை செய்யும்.

அழைப்பு வந்தால் “நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்டுப் பயனில்லை, இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இரவு எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடமே பேசுங்கள். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கொடுக்காதீர்கள். மொட்டை மாடியில் கட்டிப் போடப் போகிறவர், பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர், ‘தோட்டத்துக் காவலுக்கு’ என்பவர் மூவருக்கும் ஒரே பதில் போதும்: மன்னிக்கவும்.

குட்டியை அவர்கள் வந்து எடுத்துப்போக விடாமல் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழைகிறதா, கேட்டுக்கு அடியில் சந்து இருக்கிறதா என்று அப்போது பார்த்துவிடலாம். ஊசி அட்டை, நான்கைந்து நாளுக்கு இப்போது தின்னும் அதே உணவு, அது படுத்திருந்த பழைய துணி மூன்றையும் கையோடு கொடுங்கள். நாய் வளர்க்கச் சென்னை மாநகராட்சி உரிமம் எடுக்க ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் முகவரி, கருத்தடைக்கான சம்மதம், ‘வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் தராமல், தெருவிலும் விடாமல் உங்களிடமே ஒப்படைப்பேன்’ என்ற வரி, கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். நீதிமன்றத்துக்கு இல்லை, கையெழுத்துப் போடத் தயங்குபவரை அடையாளம் காண.

முதல் மூன்று இரவு அழும், கண்ட இடத்தில் மூத்திரம் போகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திருப்பித் தருகிறேன் என்ற அழைப்பு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். படுக்கையைத் தங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால் அழுகை பெரிதும் அடங்கும். மூன்றாம் நாள் ஒரு போன், ஒவ்வொரு ஊசித் தேதிக்கும் ஒரு போன், ஆறாவது மாதம் கருத்தடைக்கு நேரில். இப்போதே உங்கள் ஹவுஸ் ஓனரிடம் இரண்டு வார அவகாசம் கேட்டு வையுங்கள், குட்டி திரும்பி வந்தாலும் தங்க ஓர் இடம் வேண்டுமே.