கம்பங்கொல்லையில் மஞ்சள் குருவி: கூட்டை அறுக்கலாமா?

கேள்வி: ஆடிப் பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கம்பு விதைத்தேன். இப்போது கதிர் பால் பிடிக்கிறது. தலையும் மார்பும் மஞ்சளான சிறு குருவிகள் காலையும் மாலையும் வந்து இறங்குகின்றன. கூடவே சிட்டுக்குருவிக் கூட்டமும் வருகிறது. கிணற்றோரப் பனையில் இருபது தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றன. ஆனால் தூக்கணாங்குருவி பழுப்பு நிறம்தானே? இந்த மஞ்சள் குருவி எது? கூடுகளை அறுத்தால் தொல்லை ஒழியுமா?
– விழுப்புரம் மாவட்ட விவசாயி ஒருவர்

பதில்: மஞ்சளும் பழுப்பும் ஒரே குருவிதான் ஐயா. கூடு கட்டும் மழைக்காலத்தில் மட்டும் ஆணின் உச்சந்தலையும் மார்பும் மஞ்சளாகும். கன்னத்தில் கரும்பழுப்பு முகமூடி ஏறும். பருவம் முடிந்ததும் அந்த மஞ்சள் உதிர்ந்து, ஆணும் பெட்டையைப் போலவே ஆகிவிடும். நீங்கள் சிட்டுக்குருவி என்று எண்ணிய கூட்டத்தில் பெரும்பகுதி இதன் பெட்டைகளாகவே இருக்கும். அலகைப் பாருங்கள்: சிட்டுக்குருவியின் அலகைவிடத் தடித்திருக்கும், வாலும் குட்டை. மாங்குயிலும் மாம்பழச்சிட்டும் மஞ்சள்தான் என்றாலும் அவை கதிரைத் தேடி வருவதில்லை.

கூட்டை அறுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அறுப்பதால் உங்களுக்கு லாபமும் இல்லை. இருபது கூட்டில் இருபது குடும்பம் இருக்காது. ஆண் தலைக்கவசம் போலப் பாதிக் கூட்டைக் கட்டி, சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். அவள் உள்ளே நுழைந்து பார்த்துச் சம்மதித்தால்தான் கீழ்நோக்கிய குழாய் வாசல் வரும். பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். (களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது கதை, கூட்டுக்குள் மண் பூசுவது மட்டும் உண்மை.) அறுத்தால் ஆண் மறுபடி கட்டத் தொடங்கும். அதற்கு நார் கிழிக்க உங்கள் கம்பு இலைக்கும் வரலாம். குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது புழுவும் வெட்டுக்கிளியும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சேதம் உண்மைதான், மறுக்கவில்லை. பால் மணியை அலகால் நசுக்கிச் சாற்றை உறிஞ்சிவிடும்; கதிரில் வெறும் உமி நிற்கும். ஆனால் இந்த ஆபத்து பால் பிடித்தது முதல் மணி இறுகும் வரை ஏறக்குறைய மூன்று வாரம்தான். காவலை அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னும் பறவை விரட்டி ரிப்பனைக் கதிருக்குச் சற்று மேலே, நட்ட கழிக்குக் கழி முறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் மின்னும், காற்றில் ரீங்கரிக்கும். முன்கூட்டியே கட்டினால் குருவி பழகிவிடும்; உங்கள் கதிர் இப்போது பால் பிடிப்பதால் இன்றைக்கே கட்டுங்கள். வரப்போரமும் பனையை ஒட்டிய பக்கமும்தான் முதலில் போகும். அங்கே நெருக்கமாகக் கட்டுங்கள். விடிந்ததும் இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். வெடி வேண்டாம், சில நாளில் குருவி பயம் விட்டுவிடும், செலவு மட்டும் மிஞ்சும்.

அடுத்த முறை அக்கம்பக்கத்தார் விதைக்கும் வாரத்திலேயே விதையுங்கள். தனியாக முந்திய கொல்லையும் தனியாகப் பிந்திய கொல்லையும்தான் மொத்தக் கூட்டத்துக்கும் தீனி போடுகின்றன. கதிரில் நீண்ட மயிர் உள்ள ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, குருவி உட்காரத் தயங்கும். பனையை ஒட்டிய பத்து வரிசையில் கம்பை விட்டு உளுந்து போட்டுப் பாருங்கள்.