பனிக்கு அடியில் மூச்சு முட்டிய குளம்

கேள்வி: மூன்று குளிர்காலமாக ஒரு சிறிய குளத்தில் பனிக்கட்டியைத் துளைத்து மகனோடு தூண்டில் போடுகிறேன். குளத்தில் ஆழமான இடமே என் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கோடையில் களையும் பாசியும் அடைத்துக்கொண்டு நிற்கும். போன வாரம் முதல் துளை போட்டதுமே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இரைக்காகக் கோர்த்து இறக்கிய பொடிமீன் சில நிமிடங்களில் செத்துவிட்டது. அடுத்த துளையில் குஞ்சு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாவது துளையில் செத்த மீன் ஒன்று மேலே வந்தது. “நாம ஓட்டை போட்டதாலதான் செத்துச்சாப்பா?” என்று மகன் அழுதுவிட்டான். குளிரில் செத்தனவா? யாராவது விஷம் கலந்திருப்பார்களா? இன்னும் நிறைய துளை போட்டால் மிச்சத்தையாவது காப்பாற்றலாமா?

பதில்: முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் துளை போட்டதால் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்தக் குளத்தில் நடந்துகொண்டிருப்பது பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது. துளை போட்ட அன்றுதான் அது உங்கள் கண்ணில் பட்டது.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் மூச்சுத்திணறலைத்தான் காட்டுகின்றன. குளிர் அந்த மீன்களுக்குப் பழக்கமானது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. அடியில் இருக்கும் மீன் உடம்பு மந்தமாகி, தீனியைக் குறைத்துக்கொண்டு, அசையாமல் காலத்தை ஓட்டிவிடும். ஆனால் எவ்வளவு மந்தமானாலும் மூச்சு விட்டாக வேண்டுமே.

குளம் உறையும் நாளில் ஆக்சிஜனுக்குப் பஞ்சம் இருக்காது. 4 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 13 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். அதாவது குளிர்காலம் நிறைகுடத்தோடு தொடங்குகிறது. அப்புறம் பனிக்கட்டி மூடி போட்டுவிடும். காற்றிலிருந்து எதுவும் உள்ளே போகாது. தெளிந்த பனிக்கட்டி வழியாக வெயில் நன்றாக இறங்கும் என்பதால், அடியில் பச்சையாக இருக்கும் செடிகளும் நுண்பாசிகளும் கொஞ்சம் ஆக்சிஜன் தந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு சாண் பனி கொட்டிவிட்டால் கீழே இருட்டு. செடிகள் சாகத் தொடங்கும். செத்த செடியைத் தின்னும் பாக்டீரியா, இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

உங்கள் குளம் ஆழமில்லாததும் களை மண்டியதும் இங்கேதான் கெடுதல் செய்கின்றன. ஆழமான ஏரியில் சேற்றுக்கு மேலே நிறைய தண்ணீர் நிற்கிறது, சேமிப்பு பெரிது. மூன்று மீட்டருக்கும் குறைவான குளத்தில் சேமிப்பு சிறிது, அதைத் தின்னும் சேறோ அதே அளவு பசியோடு இருக்கிறது. கோடையில் நீங்கள் பார்த்த அத்தனை களையும் இப்போது அடியில் அழுகிக் கிடக்கிறது. அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சேற்றில் ஆக்சிஜன் அறவே தீர்ந்த பிறகு வரும் வாயு அது, மீனுக்கு நஞ்சும்கூட. விஷம் கலந்தார்களா என்று கேட்டீர்களே, அந்த அளவில் விஷம் உண்டு, ஆனால் குளமே உண்டாக்கிய விஷம்.

எல்லா மீனும் ஒரே நாளில் சாவதில்லை. ட்ரவுட் முதலில் போய்விடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது புளூகில்லும் பாஸ் மீனும் தடுமாறத் தொடங்கும். பைக், மஞ்சள் பெர்ச் என்ற மீன்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கெளுத்திக்கு உறவான புல்ஹெட்டும் சில பொடிமீன் வகைகளும் கடைசிவரை நிற்கும். செத்து வந்தது எந்த மீன் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் பார்த்துவையுங்கள். புளூகில் என்றால் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. புல்ஹெட்டே சாகிறது என்றால் நிலைமை மோசம்.

இன்னும் துளை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டால் பலன் இருக்காது. பலரும் நல்ல மனதோடு நூறு துளை போட்டுப் பார்க்கிறார்கள். காற்றிலிருந்து அசையாத தண்ணீருக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகத்தான் கரையும். குளத்தின் பரப்போடு ஒப்பிட்டால் நூறு துளையும் ஊசிமுனைதான். இரவில் மறுபடி உறைந்துவிடும் வேறு.

பனியை வாரித் தள்ளுவதில் ஓரளவு பலன் உண்டு, அதுவும் குளிர்காலத்தின் முதல் பாதியில், செடிகள் இன்னும் பச்சையாக இருக்கும்போது. குளத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கையாவது பட்டை பட்டையாகச் சுத்தம் செய்தால் வெளிச்சம் இறங்கும். நாற்றம் வரத் தொடங்கிய பிறகு செய்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

அடுத்து காற்றூட்டும் கருவி. இதைப் பற்றி யார் கேட்டாலும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுவேன். பல வருடங்களுக்கு முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குளத்தில், பிப்ரவரி கடைசியில் இதே நாற்றம். பதறிப்போய், குளத்தின் மிக ஆழமான இடத்தில் குமிழி விடும் கல்லை இறக்கி மோட்டாரைப் போட்டேன். பனிக்கட்டிக்கு அடியில் ஒரு முழம் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் மிஞ்சியிருந்தது. மீன்கள் அங்கேதான் ஒதுங்கியிருந்தன. குமிழிகள் அடித் தண்ணீரையும் சேற்றையும் மேலே இழுத்துவந்து அந்த ஒரு முழத்திலும் கலந்துவிட்டன. இரண்டு நாளில் பைக் மீன்கள் குமிழி வாயைச் சுற்றி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்த சுவிட்சைப் போட்டது என் கை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அதனால் சொல்கிறேன்: காற்றூட்டுவதாக இருந்தால் ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். கருவியை ஆழத்தில் வைக்காமல் கரையோரமாக, ஆழம் குறைந்த பக்கம் வையுங்கள். சேறு கலங்கக் கூடாது.

கருவி ஓடும் இடத்தில் பனிக்கட்டி உறையாது, சுற்றிலும் மெலிந்துவிடும். மகனோடு போகிறவர் நீங்கள், இதை மறக்காதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பொது நீர்நிலையில் இப்படிக் காற்றூட்ட அனுமதி வாங்கி, மெல்லிய பனிக்கட்டி என்று எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். உங்கள் பகுதியில் என்ன விதி என்று மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். செத்த மீன் கிடைத்ததையும் அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்யக்கூடியது அளந்து பார்ப்பது. ஆக்சிஜன் மீட்டர் இல்லாவிட்டாலும் சொட்டுச் சொட்டாக ஊற்றி நிறம் மாறுவதைப் பார்க்கும் பெட்டி போதும். 1888-ல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் வெளியிட்ட முறைதான் அது. பனிக்கட்டிக்குச் சற்றுக் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, சேற்றுக்குச் சற்று மேலே ஒன்று என்று மூன்று ஆழத்தில் பாருங்கள். ஓடையோ ஊற்றோ வந்து சேரும் இடம் இருந்தால் அங்கேயும் பாருங்கள். உயிரோடு இருப்பவை அங்கேதான் கூடியிருக்கும். அங்கே தூண்டில் போட வேண்டாம், அவற்றை விட்டுவிடுங்கள். ஊற்றுப் பக்கம் பனிக்கட்டியும் மெலிந்திருக்கும்.

எத்தனை செத்தன என்பது இப்போது தெரியாது. செத்தவற்றில் பெரும்பாலானவை அடியில்தான் கிடக்கும். பனி உருகித் தண்ணீர் சூடாகும்போது வயிற்றில் வாயு சேர்ந்து மிதந்து வரும். கரை ஓரம் அவ்வளவையும் பார்த்து மனம் உடைந்து, உடனே குஞ்சு வாங்கி விட்டுவிடாதீர்கள். வலை போட்டோ தூண்டில் போட்டோ யார் மிஞ்சினார்கள் என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் போதும், போட்டி இல்லாததால் நன்றாகப் பெருத்து வளரும்.

உண்மையான வேலை கோடையில்தான் இருக்கிறது. களையை வெட்டினால் தண்ணீரிலேயே விடாமல் கரையேற்றி அப்பால் கொண்டுபோய்ப் போடுங்கள். இலையுதிர் காலத்தில் களைக்கொல்லி தெளித்து எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சாகடிப்பது, சேற்றுக்கு நாமே தீனி கொட்டுவதுதான். புல்தரைக்குப் போடும் உரமும் கழிவுநீரும் குளத்துக்குள் வடிகிறதா என்று மழை நாளில் ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துக் குட்டையில் பனிக்கட்டி மூடியிருந்தும் தங்கமீன்கள் பிழைத்துவிட்டனவே, எப்படி?

பதில்: தங்கமீனுக்கும் அதன் உறவான குரூசியன் கெண்டைக்கும் அபூர்வமான ஒரு திறமை உண்டு. ஆக்சிஜனே இல்லாதபோது மற்ற மீன்களின் உடம்பில் லாக்டிக் அமிலம் சேர்ந்து கொன்றுவிடும். இவை அதை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றிச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடுகின்றன. குரூசியன் கெண்டை இப்படி மாதக்கணக்கில்கூடத் தாங்கும். அதற்கு வேண்டிய சர்க்கரையை இலையுதிர் காலத்திலேயே ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உங்கள் குட்டையில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தால் அதைத் தாண்டிப் பிழைத்தது இந்தத் திறமையால்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு இவற்றுக்கும் நஞ்சு. ஆகவே பனி விழுவதற்கு முன் குட்டையில் உதிர்ந்த இலைகளை வலையால் அள்ளிவிடுங்கள்.