தைத்த பையும் வாங்கிய பேட்டர்னும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நான் கோவையில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண்மணியின் இணையக் கடையில் கைப்பைக்கான பேட்டர்ன் (துணியை வெட்டித் தைப்பதற்கான அளவுப் படம்) ஒன்றை 12 டாலர் கொடுத்து பிடிஎஃப் கோப்பாக வாங்கினேன். பையின் முன்பக்கத்தில், அவரே வரைந்த ஒரு கிளியைத் துணியில் வெட்டி, பையின் மேல் வைத்துத் தைத்து அப்ளிக் செய்ய வேண்டும். நான் தைத்ததைப் பார்த்த ஒரு கல்யாண வீட்டார், தாம்பூலப் பையாக 150 வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும், தைத்ததை விற்கக் கூடாது’ என்று கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். வாங்கும்போது கடையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. இதற்குக் காப்புரிமை உண்டா? 50 பை வரை விற்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது என்கிறார் என் தோழி. என்னோடு தைக்கும் இரண்டு பெண்களுக்குக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், துணியும் எடுத்தாகிவிட்டது. முன்பணம் வாங்கத்தான் மனம் வரவில்லை.

ச., கோவை

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம், ஏனெனில் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்துப் பெறுவது. எழுதியதற்கும் வரைந்ததற்கும் தானாகவே கிடைப்பது பதிப்புரிமை. இரண்டுக்கும் உள்ள எல்லையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-இல் பேக்கர் – செல்டன் வழக்கில் தெளிவாக வரைந்தது. செல்டன் ஒரு கணக்கெழுதும் முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டிருந்தார். பேக்கர் ஏறக்குறைய அதே முறையில் கணக்கேடுகள் அச்சிட்டு விற்றார். புத்தகத்தில் உள்ள விளக்கம் எழுதியவருக்குச் சொந்தம், அது கற்பிக்கும் முறையோ எல்லோருக்கும் பொது, முறையையே தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்குக் காப்புரிமைதான் வழி என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் பேட்டர்னையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் உள்ள படங்களும் குறிப்புகளும் அவருடையவை. அவற்றைப் பின்பற்றி நீங்கள் தைத்த பை அந்தத் தாளின் நகல் அல்ல.

நீங்கள் தைப்பதும் விற்பதும் இந்தியாவில் என்பதால் நம் சட்டத்தையே பார்க்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, தொழில்நுட்ப வரைபடம் போன்ற ஒன்றிலிருந்து பயன்பாட்டுப் பொருளின் முற்றிலும் செயல்பாடு சார்ந்த பகுதியைச் செய்துகொள்வது மீறல் ஆகாது என்கிறது. உங்கள் பையின் வெட்டு, அடிமடிப்பு, கைப்பிடி ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை என்றே நான் கருதுகிறேன். தோழி சொன்ன 50 என்ற எண்ணும் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இருப்பதுதான், ஆனால் அதன் பொருள் வேறு. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், அதன் உரிமையாளரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை முடிந்துபோகிறது. அங்கே எண்ணப்படுவது உரிமையாளர் செய்தவை, அனுமதியின்றி மற்றவர் செய்தவை அல்ல. 50 பைக்குச் சலுகை என்று ஒன்று கிடையாது.

கிளியின் கதை வேறு. அது பை பையாக இருப்பதற்குத் தேவையான உறுப்பு அல்ல. பையிலிருந்து எடுத்துப் படச் சட்டகத்துக்குள் வைத்தாலும் அது ஓர் ஓவியமாகவே நிற்கும். விளையாட்டு அரங்குகளில் ஆடும் உற்சாகக் குழுவினரின் உடைகளைப் பற்றிய ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இந்த அளவுகோலைத்தான் வைத்தது: உடையின் வெட்டுக்கு உரிமை கோர முடியாது, அதன் மேல் உள்ள வரைகலை தனித்து நிற்குமானால் அதற்குக் கோரலாம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அறத்தின் அளவில் எனக்கு அது முழுக்கச் சரியென்றே படுகிறது. 150 பைகளில் அந்தக் கிளியைத் தைத்து விற்பது இன்னொருவரின் ஓவியத்தை 150 தடவை விற்பதாகும். அதை அவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

அடுத்து அந்தக் கடைசிப் பக்கத்து வரி. 1904-இல் ஒரு அமெரிக்கப் பதிப்பகம், தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. ஒரு பெரிய கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. புத்தகத்தில் ஓர் அறிவிப்பை அச்சிடுவதாலேயே, சட்டம் தராத உரிமை பதிப்பாளருக்கு வந்துவிடாது என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுக்கும் முன்பே நிபந்தனையைக் கண்ணில் படும்படி காட்டி, நீங்கள் அதற்குச் சம்மதம் தெரிவித்து வாங்கியிருந்தால், அது நீங்கள் கொடுத்த வாக்கு. நீதிமன்றம் அதைச் செல்லுபடியாக்குமா என்று பாராமல் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பேன். உங்களிடம் அப்படி யாரும் வாக்குக் கேட்கவில்லை. சட்டத்தில் இல்லாத ஒரு தடையை இருப்பதுபோல் எழுதிவைப்பதும் நேர்மையான செயல் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் மொத்தமாக நகலெடுத்துத் தைத்து விற்பவர்கள் அந்த வரியைப் பொருட்படுத்துவதே இல்லை. அதைப் படித்துப் பயந்து கிடைத்த வேலையைக் கைவிடுபவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

இதனால் பேட்டர்ன் செய்பவரின் உழைப்பை நான் சிறிதாக எண்ணுகிறேன் என்று கொள்ள வேண்டாம். என் அம்மா அளவு ஜாக்கெட்டை விரித்துவைத்துச் செய்தித்தாளில் வரைந்து வெட்டியவர். ஒரு உடம்புக்குச் சரியாக அமையவே அவருக்கு இரண்டு மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதையே எட்டு அளவுகளுக்கு விரிப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மார்பளவு கூடும் விகிதத்தில் தோள் கூடுவதில்லை, கழுத்து இன்னும் குறைவாகவே கூடும், கைக்குழி மாறினால் கையின் வளைவையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு அளவையும் காடாத் துணியில் தைத்துப் பார்த்த பிறகே தாளில் கோட்டை உறுதிசெய்ய முடியும். எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் மாசசூசெட்ஸில் அளவுவாரியான காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியபோது, மக்கள் காசு கொடுத்தது இந்த உழைப்புக்குத்தான். பேட்டர்னின் விலை அந்த உழைப்புக்கான கூலி. அதைக் கொடுத்து வாங்கியவர் தன் கையால் தைத்து விற்கும் ஒவ்வொரு பொருளிலும் மறுபடி பங்கு கேட்பது பொருந்தாது என்பது என் கருத்து. இருந்தும் அவருடைய விருப்பம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கிளிக்காக எப்படியும் அவருக்கு எழுதப் போகிறீர்கள் அல்லவா? எத்தனை பைகள், என்ன விலை என்பதை மறைக்காமல் சொல்லி, அனுமதிக்கு என்ன தர வேண்டும் என்று கேளுங்கள். சிறிய அளவில் விற்பவர்களுக்கென்று தனிக் கட்டணத்தில் அனுமதி தரும் பேட்டர்ன்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாணத் தேதிக்குள் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, கிளியை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக் கோலத்தில் போடும் கிளியை நீங்களே வரைந்து தையுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் படித்துத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். கோப்பை இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் ஐயத்துக்கு இடமின்றித் தவறானது அதுவே. தைப்பதும் விற்பதும் அவருடைய தாளை நகலெடுப்பதாகாது, ஆனால் கோப்பை அனுப்புவது நகலெடுப்பதேதான். அந்த இரண்டு கோப்புகள் நாளைக்கு இருபது பேரிடம் போனால், அவருக்கு வர வேண்டிய 12 டாலர் அத்தனை தடவை வராமல் போகும். அந்தப் பெண்களிடம் கோப்பை அழித்துவிடச் சொல்லுங்கள். அவர்களே தனியாக வெட்டித் தைக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு பிரதிகள் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் துணி முழுவதையும் நீங்களே உங்கள் வீட்டில் வெட்டி, துண்டுகளை மட்டும் அவர்களிடம் தைக்கக் கொடுங்கள். 150 பையும் ஒரே அளவில் வருவதற்கும் அதுவே நல்லது. இதைச் செய்துவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.