நானோமீட்டர் தடிமனுள்ள பரப்பு ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவது எப்படி?
தடித்த படிகம் செய்யும் வேலையைச் சில நூறு நானோமீட்டர் உயரமே உள்ள காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்திப் பரப்பு எப்படிச் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1961-இல் இயற்பியலாளர் பீட்டர் ஃப்ராங்கன் குழுவினர் 694.3 நானோமீட்டர் ரூபி லேசர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, மிகச் சிறு பங்கு பாதி அலைநீளமும், அதனால் இரட்டை அதிர்வெண்ணும் கொண்ட 347.2 நானோமீட்டர் புறஊதா ஒளியாக மாறியதைக் கண்டனர். படிகத்துக்குள் மூல ஒளியும் புதிய ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், ஓரிடத்தில் பிறந்த புதிய அலையைச் சற்றுத் தள்ளிப் பிறந்த அலை அழித்துவிடக்கூடும். நானோ பரப்பில் ஒளி கடக்கும் தொலைவு அலைநீளத்தைவிடக் குறைவு. ஆகவே அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

ஆனால் தொலைவு குறைந்தால் விளைச்சலும் குறையுமே? அதற்காகத்தான் பரப்பில் நுண்தூண்களை வரிசையாகச் செதுக்குகிறார்கள்: ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.4 ஆக இருப்பதால் ஒவ்வொரு தூணும் அகச்சிவப்பு ஒளியைத் தனக்குள் பிடித்துவைத்து ஒத்ததிர்கிறது, உள்ளே மின்புலம் பெருகுகிறது. அந்த மின்புலம் இருமடங்கானால் இரட்டை அதிர்வெண் ஒளியின் செறிவு பதினாறு மடங்காகிறது. அணு அமைப்பில் சமச்சீர் மையமுள்ள (மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோலுள்ள) சிலிக்கானில் இந்த இரட்டிப்பு மிக வலுவற்றது. அங்கே மும்மடங்கு அதிர்வெண்ணையே நாடுகிறார்கள்.