போறணைக்குப் போகக் கூடாத பொம்மை

கேள்வி: என் மகனுக்கு வயது 14. தன்னிடமுள்ள அக்சன் ஃபிகர் பொம்மைகளுக்குப் பொலிமர் கிளே (சுட்டால் இறுகும் பிளாஸ்ரிக் களி) கொண்டு புதிய தலைமுடியும் கவசமும் செய்ய வேண்டும் என்கிறான். பல நிறங்கள் அடங்கிய பெட்டி ஒன்றும் சிறிய மின் அவன் (oven) ஒன்றும் கேட்கிறான். இரண்டையும் வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகி, மல்லாவி)

பதில்: மின் அவனை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெட்டியும் அவசியமில்லை. முதலில் மகன் கையிலுள்ள பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். இவ்வகைப் பொம்மைகள் பெரும்பாலும் பீ.வீ.சீ., ஏ.பீ.எஸ். ஆகிய பிளாஸ்ரிக்குகளால் செய்யப்படுகின்றன. பொலிமர் கிளே இறுகுவதற்கு அதன் வகையைப் பொறுத்து 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும், பீ.வீ.சீ.யோ ஏறத்தாழ 80 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே, கிளே ஒட்டிய பொம்மையை அப்படியே மின் அவனுக்குள் வைத்தால், கவசம் இறுகுவதற்கு முன்பே அதை அணிந்த வீரன் வளைந்துவிடுவான்.

செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. பொம்மையின் மீது வாசலினை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் கிளேயை வைத்து உருவம் கொடுத்து, பின்னர் மெதுவாகக் கழற்றி, அந்தத் துண்டை மட்டும் தனியாகச் சுட்டு, ஆறிய பின் சுப்பர் குளூவால் ஒட்ட வேண்டும். தொப்பி, தோள் கவசம் போன்றவை இவ்வாறு இலகுவாகக் கழன்று வரும். இடுப்பைச் சுற்றி வளைத்த பட்டி வராது. அத்தகைய இடங்களுக்கும் முழங்கை, முழங்கால் மூட்டுகளை அண்டிய இடங்களுக்கும், ஹாட்வெயார் கடைகளில் ஒழுக்கு அடைப்பதற்காக இரண்டு பாகங்களாக விற்கப்படும் எபொக்சி மண்ணே பொருத்தமானது. பாகங்களைப் பிசைந்து சேர்த்தால் வெப்பமின்றியே சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். கையுறை மட்டும் கட்டாயம் அணிய வேண்டும். தொடங்குபவருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கிளேதான் வேண்டுமென்று மகன் பிடிவாதமாக நின்றால், 57 கிராம் கட்டிகளாக ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். ஒரே நிறம் போதும். மேலே அக்ரிலிக் வர்ணம் தீட்டிக்கொள்ளலாம். தகர டப்பாவில் வரும் ஸ்ப்ரே வர்ணங்கள் இதன்மேல் காயாமல் பிசுபிசுவென்று நிற்பதுண்டு. பொதியில் சுட வேண்டிய வெப்பநிலையும் நிமிடங்களும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று கட்டாயம் பாருங்கள். அவை இல்லாமல் காற்றில் உலர வேண்டும் என்றிருந்தால் அது வேறு பொருள். காயும்போது சுருங்கி வெடிக்கக்கூடியது. கருவிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பல்லுக்குத்தும் குச்சி, தையல் ஊசி, உருட்டுவதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல், அடியில் வைக்க வழுவழுப்பான தரை ஓடு ஒன்று ஆகியவை போதும். கிளேயில் பட்ட கருவிகளை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சுடுவதற்கு, வீட்டில் மின் அவன் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் சாப்பாட்டுத் தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை பயன்படுத்தக் கேட்கலாம். சிறிய அவன்களின் திருகி காட்டும் இலக்கத்தை நம்பாமல், உள்ளே தனியான வெப்பமானி ஒன்றை வைக்க வேண்டும். பாண் போடும் போறணையில் கொடுத்து வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். அங்குள்ள வெப்பம் 200 பாகையையும் தாண்டும். அதில் கிளே கருகி, மூச்சுக்குக் கேடான ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். கொதிநீர் 100 பாகைக்கு மேல் போகாது என்பதால் அதில் அவித்த கிளே நொறுங்கும். மைக்ரோவேவ் இதற்கு உதவவே உதவாது.

கேள்வி: இணையத்தில் கட்டளையிட்டு வாங்கிய கிளே, பிரித்தபோது மாவு போல உதிர்ந்தது. விற்றவர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், வவுனியா)

பதில்: முதலில் உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயில் ஓரிரு துளி சேர்த்துப் பாருங்கள். பழைய கிளே பெரும்பாலும் இதற்கு இணங்கிவிடும். இணங்காவிட்டால் அது வழியிலோ களஞ்சியத்திலோ வெப்பம் பட்டு அரைகுறையாக இறுகியிருக்க வேண்டும். நம் பக்கத்து வெயிலில் நின்ற வாகனத்துக்குள் கிடந்த பொதிக்கு இது நேர்வது புதுமையல்ல. எனவே இத்தகைய பொருட்களை மாரி காலத்தில் வாங்குவதே நல்லது. இளகிய கிளேயைப் பொலித்தீனில் சுற்றி நிழலில் வையுங்கள். கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்ரிக் பெட்டிகளில் சிலவற்றை அது அரித்துவிடும்.

பழுதான பொருளை நல்லதென்று விற்பது பற்றி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பற்றுச்சீட்டு, விற்றவரின் பெயரும் முகவரியும், உதிர்ந்த கட்டியின் படம் ஆகியவற்றை இணையுங்கள். விற்பனையாளரின் முகவரியே உங்களிடம் இல்லையென்றால், பொதியின் மேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டை எறிந்துவிடாதீர்கள். அனுப்பியவரின் விபரம் அதில் இருக்கக்கூடும். அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977.