நலவாழ்வு மென்பொருளும் பொதுத் தரநிலைகளும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் சங்கங்களும் கோயில்களும் நடத்தும் சிறு கிளினிக்குகளில் திறமூல மென்பொருளைப் பொருத்தும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருத்துவத் தகவல் துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): எங்கள் கிளினிக்கில் நோயாளிகளின் பதிவுகளைப் பேணும் ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்னும் திறமூல மென்பொருளை நிறுவ இருக்கிறோம். எச்.எல்.7, ஃபயர், லாயின்க், ஸ்னோமெட், ஐ.சி.டி. என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. எதில் தொடங்குவது?

பதில்: இவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எச்.எல்.7 இரண்டாம் பதிப்பும் அதற்குப் பின் வந்த ஃபயரும் (FHIR) தகவல் எந்த வடிவில் பயணம் செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. மற்ற மூன்றும் அந்தத் தகவல் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறியீட்டுத் தொகுதிகள்: ஆய்வுகளுக்கு லாயின்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட், நோய்களுக்கு ஐ.சி.டி. கூட்டங்களில் வாக்குவாதமெல்லாம் முதல் வகையைப் பற்றியே நடக்கிறது. பின்னாளில் தலைவலி தருவதோ இரண்டாவது வகை. ஆகவே குறியீடுகளில் தொடங்குங்கள். உங்கள் தகவல் கிளினிக்கை விட்டு எங்கெங்கே வெளியே போகிறது என்று எழுதிப் பாருங்கள்: ஆய்வகம், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், மாகாணச் சுகாதாரத் துறை. அந்த வாசல்களுக்குத் தேவையானதைத் தவிர வேறெதையும் இப்போது தொட வேண்டாம். தேசியச் சுகாதாரத் துறை 2014இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய தரநிலைச் சட்டகத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்தமாகச் சொற்பட்டியல் தயாரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. ஓப்பன் எம்.ஆர்.எஸ். பயனர்களிடையே புழங்கும் சீல் (CIEL) என்னும் மருத்துவச் சொல் அகராதியில், சொற்களைக் குறியீடுகளோடு இணைக்கும் வேலையின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

கேள்வி (வெருலம்): குறியீடு எதுவும் இல்லாமல் ‘சர்க்கரை’ என்று மட்டும் எழுதிச் சேமித்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: தென்னாப்பிரிக்காவில் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் அளக்கிறோம்; இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் என்பதும் 126 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. நீரிழிவு என்று சொல்லும் எல்லையும் அதுதான். சென்னைக்குப் போய்வரும் உறவினர் வாங்கிவந்த கருவியில் 126 என்று பார்த்த நோயாளி அதை அப்படியே சொல்கிறார், நர்ஸ் அப்படியே பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்வார். ஆனால் ஆண்டு முழுவதற்கும் வரைபடம் போடும் நிரலுக்கு அந்த விவேகம் கிடையாது. அது 7க்குப் பக்கத்தில் 126ஐயும் புள்ளியாக வைத்துவிடும். லாயின்க் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைப்பதில்லை. சீரம் அல்லது பிளாஸ்மாவில் மில்லிமோல் கணக்கில் அளந்த குளுக்கோஸுக்கு 14749-6, மில்லிகிராம் கணக்கில் அளந்ததற்கு 2345-7. விரலில் குத்திக் கருவியில் பார்ப்பதற்கு வேறு குறியீடுகள் உண்டு. எண்ணோடு அலகையும், அலகுகளை எழுதுவதற்கான யூகம் (UCUM) என்னும் தரநிலைப்படி, சேர்த்தே சேமியுங்கள். அலகுக் கட்டம் காலியாக இருந்தால் பதிவையே ஏற்காதபடி படிவத்தை அமையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஆய்வகம் பழைய எச்.எல்.7 இரண்டாம் பதிப்பிலேயே முடிவுகளை அனுப்புகிறது. ஃபயருக்கு மாறும்படி வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். செங்குத்துக் கோடுகளால் பிரித்த அந்த வரிகள் பார்வைக்கு அழகற்றவைதாம், ஆனாலும் உலகெங்கும் ஆய்வகங்கள் இன்றும் அவற்றைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இடையில் ஒரு மாற்றியை வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜெம்பி நிறுவனம் உருவாக்கிய ஓப்பன்ஹிம் என்னும் திறமூல மென்பொருள் இத்தகைய இடைநிலைப் பணிக்கென்றே அமைந்தது. புதிதாக நீங்களே எழுதும் இணைப்புகளுக்கு ஃபயரின் நான்காம் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (டோங்காட்): ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று பதிவுகள் உருவாகிவிடுகின்றன. இதற்கும் தரநிலை உண்டா?

பதில்: பாதி உண்டு. நம்மவர்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் மூட்லி, தம்பி முடலி. நாயுடுவும் நாய்டூவும் ஒரே வீட்டில் இருப்பார்கள். 1860 முதல் கப்பலில் வந்திறங்கியவர்களின் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிய பதிவேடுகள் விட்டுச்சென்ற சொத்து அது. எனவே பெயரை நம்பி ஆளைப் பொருத்தாதீர்கள். 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. பதியும்போதே அவற்றை நோயாளி சொல்லும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுவிடலாம். ஆனால் பச்சிளங்குழந்தைக்கும் புகலிடம் கோரி வந்தவருக்கும் அந்த எண் இல்லாமல் இருக்கலாம் என்பதால், அதையே பதிவின் மூலச் சாவியாக வைத்துவிடக் கூடாது. ஃபயரில் ஒருவருக்குப் பல அடையாளங்களை, ஒவ்வொன்றையும் வழங்கியவர் யார் என்ற குறிப்போடு, சேர்க்க முடியும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். உடல்நலத் தகவல், போப்பியா (POPIA) என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது. ஆகவே அடையாள எண் இணைய முகவரியிலோ பிழைப் பதிவுக் கோப்பிலோ தென்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லெனேசியா): தரநிலைகளுக்குக் கட்டணம் உண்டா?

பதில்: ஃபயரும் லாயின்கும் இலவசம். ஸ்னோமெட்டுக்கு உரிமம் வேண்டும். அதன் விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், உங்கள் மென்பொருளோடு சேர்த்து அதை விநியோகிக்கும் முன் கட்டாயம் விசாரியுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஐ.சி.டி.11 வந்துவிட்டதே, மாறிவிடலாமா?

பதில்: உலகச் சுகாதார நிறுவனம் அதை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் உங்கள் மெடிக்கல் எய்ட் கோரிக்கைகளுக்கு இப்போதைக்கு ஐ.சி.டி.10 போதும். ஒவ்வொரு நோயறிதலோடும் அது எந்தப் பதிப்பின் குறியீடு என்பதைத் தனிக் கட்டத்தில் பதிந்துவாருங்கள். மாறும் நாளில் பழைய பதிவுகளைத் தொட வேண்டியிராது.