வீட்டு மேப்பிள் மரத்தில் நாமே சிரப் எடுக்கலாமா?

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் பெரிய சுகர் மேப்பிள் மரம் நிற்கிறது. அதில் நாங்களே சிரப் (மரச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு) எடுக்கலாமா? துளை போட்டால் மரம் பட்டுப்போகாதா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். முதலில் நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 95 செ.மீ.க்குக் குறைந்தால் இன்னும் சில வருடம் வளரட்டும். அதற்கு மேல் என்றால் ஒரே ஒரு துளை: 8 மி.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம், சாறு வெளியே வழியும்படி லேசான சரிவு. அடுத்த வருடம் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பழைய துளைக்கு மேலும் கீழும் மரத்தில் சாறு ஓடாது.

பிப்ரவரி கடைசியில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் தொடங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் சாறு சொட்டும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தண்ணீர்போல இருக்கும், விழுங்கிய பிறகுதான் மெல்ல இனிக்கும். சர்க்கரை 2 சதவீதம் அளவே. 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் சிரப். மீதி அத்தனையும் ஆவி! சமையலறையில் வைத்தால் சுவரெல்லாம் நனைந்துவிடும். அடுப்பை வெளியே போடுங்கள்.

இந்த வேலையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். அனிஷினாபே மக்கள் புகையிலை படைத்து நன்றி சொல்லிவிட்டே மரத்தைத் தொடுவார்கள். பிர்ச் மரப் பட்டையில் செய்த பாத்திரத்தில் சாறு பிடிப்பார்கள். அவர்களுக்குச் சிரப் பாதி வழிதான். மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் விடாமல் கிளறி, சர்க்கரையாகவே ஆக்கிவிடுவார்கள். பாகு பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை வருடம் முழுக்க இருக்கும். மீனுக்கும் இறைச்சிக்கும்கூட அதைத்தான் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சரி, பதம் எப்படித் தெரியும்? அன்று தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ, அதைவிட 4 டிகிரி செல்சியஸ் கூட வந்தால் இறக்கலாம். கரண்டியைச் சாய்த்தால் சொட்டு சொட்டாக விழாமல், விளிம்பில் திரைபோல அகலமாகத் தொங்கும். சூடாகவே கம்பளித் துணியில் வடிகட்டுங்கள், மணல்போன்ற கசடு போய்விடும். திறந்த போத்தல் குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

மொட்டு வீங்கத் தொடங்கினால் சாற்றின் ருசி கெட்டுவிடும். சாறு வடிய துளையில் செருகிய குழாயை அன்றே பிடுங்கிவிடுங்கள். துளையில் எதையும் வைத்து அடைக்காதீர்கள், மரமே மூடிக்கொள்ளும்.